கேட்டதாகச் சொன்னவை

1

கனடாவுக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த அன்று என்னை ஒரு பெட்டிக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். பயப்படாதீர்கள், உயிரோடுதான் இருக்கிறேன். காது சோதிக்கிற அறை அது. ஊரில், பெரியகல்லாற்றில், நாங்கள் சமைக்கிற குசினியில் பாதிகூட வராது. சுவரெல்லாம் பஞ்சு. ஒரு கதிரை, தலையில் மாட்டுகிற கருவி ஒன்று, கையில் பிடிக்க ஒரு பொத்தான், முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல். அவ்வளவுதான்.

வழக்கமாக அந்தத் திகதியில் என் கணவர் வேலையால் வரும்போது ஒரு கேக் வாங்கி வருவார். நானும் அவரும் மகளும் வெட்டிச் சாப்பிடுவோம். "இன்னொரு வருசம் போயிட்டு" என்று அவர் சொல்வார். நான் "ஓம்" என்பேன். பிறகு பாத்திரம் கழுவுவோம். பதினைந்து தடவை அப்படித்தான் நடந்தது. இந்தத் தடவை கேக் வாங்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஊர்ப் பத்திரிகையில் என்னை வாசிக்கிற உங்களுக்கு நான் இதுவரை எழுதியதெல்லாம் பனி, பஸ், பனிக்காலத்தில் முருங்கைக்காய் தேடி அலைந்த கதைகள்தான். வாசித்துவிட்டுச் சிரித்ததாகச் சொன்னீர்கள். இதையும் ஒருநாள் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. எழுதும்போது துக்கமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, என்னுடையதா வேறு யாருடையதா என்று தெரியாமல், அப்படி இருக்கிறது.

2

மகள் ஆரணிக்குப் பத்தொன்பது. இங்கே வரும்போது மூன்று வயது. எங்களோடு தமிழ் பேசுவாள், பாதி வசனம்வரை. மீதியை ஆங்கிலத்தில் முடிப்பாள். கல்லூரியில் மருந்தகத்தில் வேலை செய்வதற்கான படிப்பு. முதலாம் வருடம் நல்ல புள்ளிகளோடு பாஸ் பண்ணினாள்.

இரண்டாம் வருடத்தில் செய்முறை வகுப்பு தொடங்கியது. மருந்து கலக்கிற அறையில் எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும், படிப்பிக்கிற ஆளும்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதுவரை அவள் காதால் கேட்டது பாதி, வாயைப் பார்த்துப் பிடித்தது பாதி. வாயை மூடியதும் அந்தப் பாதி போய்விட்டது. மருந்துப் பெயர்கள் ஒன்றின் சாயலில் இன்னொன்று இருக்கும். மாற்றி எடுத்தால் குடிக்கிற ஆள் தப்பாது. அவள் இரண்டு தடவை மாற்றி எடுத்துவிட்டாள். மூன்றாம் தடவையும் நடந்தால் செய்முறை வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டி வரும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். செய்முறை இல்லாவிட்டால் அந்தப் படிப்பே இல்லை.

இதில் ஒரு சொல்லைக்கூட அவள் எங்களிடம் சொல்லவில்லை. தானாகக் கல்லூரியில் இயலாமை உள்ள மாணவர்களைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். எனக்குத் தெரிய வந்தது மேசையில் கிடந்த ஒரு கடிதத்தால். தாய் என்ற உரிமையில் அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். உங்கள் மகள் வளர்ந்தவர், அவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் உங்களோடு பேசுவோம் என்றார்கள். பெற்றவளுக்குப் பிள்ளை அனுமதிப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம்! ஊரில் என்றால் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு பிள்ளைக்கு முன்னமே பக்கத்து வளவுக்குத் தெரியும்.

அந்த அலுவலகம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். படிப்பிக்கிறவரின் கழுத்தில் ஒரு சின்ன மைக்கைப் போடுவார்கள். அவர் பேசுவது ஆரணியின் திரையில் எழுத்தாக வரும். செய்முறை அறையில் வாய் தெரிகிற மாதிரி முன்பக்கம் கண்ணாடியாக இருக்கிற முகக்கவசம் போடுவார்கள். வாய்மொழிப் பரீட்சையைச் சத்தமில்லாத அறையில் வைப்பார்கள். "நல்ல சலுகைதான்" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சலுகை இல்ல அம்மா. மற்றப் பிள்ளைகள் கேக்கிறதத்தான் நானும் கேக்கப் போறன். அதுக்கு மேல ஒரு சொல்லும் இல்ல."

அந்தத் தவணைக்கு மட்டும் தற்காலிகமாகத் தந்தார்கள். தொடர்ந்து வேண்டுமானால் காது வைத்தியப் பிரிவிலிருந்து அறிக்கை வேண்டும். அந்தப் பிரிவு நாலு பக்கத்தில் ஒரு படிவம் அனுப்பியது. முதல் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்த நாளை விபரிக்கவும். நாங்கள் கடிதம் எழுதப் பழகியதே "நலம், நலமறிய ஆவல்" என்று. காய்ச்சலில் கிடந்துகொண்டும் நலம் என்றுதான் எழுதுவோம். ஆரணி ஒரு மணித்தியாலம் இருந்து அந்தப் பக்கத்தை நிறைத்தாள். என்னை வாசிக்க விடவில்லை.

மூன்றாம் பக்கத்தை என்னிடம் தந்தாள். சின்ன வயதுக் கேள்விகள், தாய்க்குத்தான் தெரியும் என்றாள். எப்போது முதல் கவனித்தீர்கள்? நாலு வயதில், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "அண்மையில்" என்று எழுதினேன். தாய்வழியில் யாருக்காவது கேட்கும் குறைபாடு உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். பேனையை எடுத்து "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டேன். ஒரு கண் சிமிட்டுகிற நேரம்கூட எடுக்கவில்லை. பிறகு வேலைக்குப் போனேன்.

3

ஏன் அப்படிப் போட்டேன் என்பது உங்களுக்கு விளங்கும். வேறு ஊரார் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழி. என் குடி என் தாயின் குடி, என் மகளின் குடியும் அதுதான். கோயிலில் குடியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கலியாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி எந்தக் குடி. ஆகவே ஒரு பெண்ணுக்கு ஒரு குறை என்றால் அது அவளோடு நிற்காது. அவளுடைய தங்கை, தங்கையின் மகள், இன்னும் பிறக்காத பேத்தி எல்லோருக்கும் பங்கு வைத்துவிடுவார்கள்.

என் தாயின் அண்ணன், பெரிய மாமா சாமித்தம்பி, வாவியில் தோணி விட்டு மீன் பிடித்தவர். ஊரில் அவரைச் செவிட்டுச் சாமித்தம்பி என்றுதான் சொல்வார்கள். ஆம்பிளை என்பதால் அவருக்கு அது ஒரு பட்டம் மாத்திரம். ஆனால் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. தோணிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து மாமாவின் காது போய்விட்டதாக ஒரு கதை கட்டினா. ஊரும் நம்பியது. அந்த யுத்தக் காலத்தில் எந்தக் கதைக்கும் ஒரு ஷெல் கிடைக்கும். மாமாவுக்குக் காது போனது அந்தச் சண்டைக்கெல்லாம் பத்து வருடம் முன்னால். எங்கள் குடும்பத்துக்கு யுத்தம் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது நான். எட்டு வயதில் அம்மா கண்டுபிடித்தா. வைத்தியரிடம் கூட்டிப் போகவில்லை, பழக்கினா. வெளிச்சம் மற்றவரின் முகத்தில் விழுகிற பக்கமாக நில். பின்வரிசையில் இராதே. மற்றவர்கள் சிரித்தால் நீயும் சிரி. கேட்காவிட்டால் "என்ன" என்று கேட்காதே, "ஓம்" என்று சொல். "ரெண்டு தரம் என்ன எண்டு கேட்டியெண்டா மலர் மச்சாளுக்கு விளங்கிடும். மறுகா கல்லாறு முழுக்கத் தெரியும்" என்பா. மலர் மச்சாள் வேலிக்கு அங்கால் பக்கத்து வளவு. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறா.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எங்களைக் கல்லடிப் பாலத்தடிக்கு வாவியில் மீன் பாடும் என்பார்களே, அதைக் கேட்கக் கூட்டிப் போனார்கள். பறுவம், முழுநிலவு நாள், பின்னேரம். தோணியில் ஏற்றி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைக்கச் சொன்னார் சேர். எல்லாப் பிள்ளைகளும் "கேக்குது சேர்" என்றார்கள். என்னுடைய முறை வந்தது. ஒரு மண்ணும் கேட்கவில்லை. "ஓம் சேர், வீணை மாதிரி" என்றேன். சேர் மகிழ்ந்து போனார். அதைப் பற்றி இரண்டு பக்கம் கட்டுரை எழுதி வகுப்பில் முதல் பரிசும் வாங்கினேன். மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையாகக் கேட்டது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

பிறகு பல்கலைக்கழகம், கம்பஸ் என்போம், அங்கேயும் முன்வரிசைதான். கெட்டிக்காரி, ஆர்வமுள்ள பிள்ளை என்று பெயர். மூன்றாம் வருடம் ஒரு பரீட்சையின் நேரம் மாறியதை வகுப்பில் அறிவித்திருக்கிறார்கள். நான் தலையை ஆட்டியிருக்கிறேன். பழைய நேரத்துக்குப் போனபோது மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் என்று எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த வருடம் திரும்ப எழுதினேன். ஆரணியின் படிப்பு போகப் போகிறது என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த மண்டபத்தைக் கூட்டிய சத்தம்தான். அதுவும் கேட்கவில்லை, பார்த்ததுதான்.

ஒரே தங்கச்சி வதனிக்குக் காது நல்லம். நான் வெளிநாடு வந்துவிட்டதால் தாய் வீடு அவளுக்குப் போனது. அவளுடைய மகள் தர்சி கம்பஸில் இரண்டாம் வருடம். எப்போதும் முன்வரிசையில்தான் இருப்பாளாம், வதனி பெருமையாகச் சொல்வாள். வீடியோவில் வந்தால் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு "ஓம் பெரியம்மா." அப்படிப் பணிவான பிள்ளை. அவளுக்கு மாங்கேணியிலிருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்திருந்தது, அரசாங்க உத்தியோகக்காரப் பொடியன். படிப்பு முடியக் கலியாணம் என்று பேச்சு. அந்தப் படிவம் என் கைக்கு வந்ததும் அதே கிழமைதான். இப்போது விளங்குகிறதா?

4

அறிக்கை வந்தது. ஆரணிக்குக் கேட்கும் குறைபாடு இருக்கிறது. குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதால் காரணம் தெரியவில்லை. நிரந்தரமானதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. ஒரு வருடத்தின் பின் மீண்டும் சோதிக்கவும். அலுவலகம் அதை வாசித்துவிட்டு மிகவும் மரியாதையாகப் பதில் எழுதியது. நிரந்தரம் என்று எழுதப்படாததால் தற்போதைய ஏற்பாடுகள் இந்தத் தவணையோடு முடியும். புதிய தகவல் கிடைத்தால் அனுப்பவும். தவணை முடிய ஐந்து கிழமை இருந்தது. அடுத்த தவணை முழுக்கச் செய்முறை.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவுகிற இயந்திரம் ஓடும்போது அங்கே எல்லோரும் செவிடர்தான், கைச்சாடையில்தான் பேச்சு. ஆகவே எனக்குப் பிடித்த இடம் அது. அன்று ஆரணி என்னைக் காரில் கொண்டுபோய் விட்டாள். இல்லத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பினாள். அவள் என்னோடு பேசும்போது எப்போதும் அப்படித்தான் திருப்புவாள். அது எனக்காக என்று அன்றுவரை நான் நினைக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கும் கேக்காதுதானே."

"எனக்கென்ன. நல்லாக் கேக்குது."

அவள் மற்றப் பக்கம் யன்னலைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொன்னாள். "ஓம்" என்றேன்.

திரும்பவும் என்னைப் பார்த்தாள். "நான் சொன்னது, நீங்க பொய் எழுதினதால என்ட படிப்புப் போகப் போகுது எண்டு. நீங்க ஓம் எண்டு சொல்லிட்டீங்க."

கைப்பையைத் திறந்து மூடினேன்.

"நீங்க ஓம் எண்டு சொன்னா கேக்கல்ல எண்டு எனக்குச் சின்னனிலயே தெரியும்" என்றாள். "பள்ளிக்கூடத்தில டீச்சரோட கதைக்க வருவீங்களே, ஓம் ஓம் எண்டுட்டுப் போவீங்க. பிறகு நான்தான் டீச்சரிட்டப் போய் என்ன சொன்னீங்க எண்டு கேப்பன். எனக்கும் சரியாக் கேக்காது."

தர்சியின் பேச்சுக்காலைச் சொன்னேன். குடியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குக் குடி என்றால் குடித்துவிட்டு விழுந்து கிடப்பது மட்டும்தான், விளங்கப்படுத்தவே ஐந்து நிமிடம் போனது.

"தர்சி அக்காட கலியாணத்துக்கு நான் ஏன் ஃபெயில் ஆகணும்?"

கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். தாயையும் சோதித்தால் பரம்பரையா என்று தெரியும் என்று காது வைத்தியப் பிரிவில் சொல்லியிருக்கிறார்களாம், திகதியும் எடுத்து வைத்திருக்கிறாள். "வாறதெண்டா வாங்க. வராட்டி நான் திருப்பிக் கேக்கமாட்டன்." அந்தத் திகதிதான் நாங்கள் வந்திறங்கிய திகதி. அது அவளுக்குத் தெரியாது.

கல்லாற்றில் யார் இந்தத் தாளை வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். நெஞ்சு கேட்கவில்லை. நாற்பது வருடம் காத்த ஒன்றை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா என்றுதான் இருந்தது. அம்மா செத்து ஒன்பது வருடம். அவவின் முகம் வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அம்மாவின் மேல் எனக்குப் பாசம் வரவில்லை.

5

போனேன். ஆரணி பக்கத்தில் இருந்தாள்.

சோதிக்கிற பெண் சின்ன வயது. சத்தம் கேட்டால் பொத்தானை அமத்து, எவ்வளவு மெல்லிய சத்தம் என்றாலும் அமத்து என்று என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். யன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள், பின்னால் ஆரணி நின்றாள்.

முதலில் இரண்டு மூன்று சத்தம் கேட்டது. அமத்தினேன். பிறகு ஒன்றுமில்லை. ஆனால் யன்னலுக்குள்ளால் அந்தப் பெண்ணின் தோள் அசைவது தெரிந்தது. தோள் அசைந்தால் அவள் ஒரு சத்தம் அனுப்புகிறாள். எனக்கு அது போதும். தோள் அசைய அமத்தினேன். அசைய அமத்தினேன். பார்த்துப் பார்த்து நல்ல தாளத்தோடு அமத்தினேன். கம்பஸில் இருந்த சந்தோசம்கூட வந்தது. யோசித்துப் பாருங்கள், கேட்கவில்லை என்று நிரூபிக்கத்தான் அங்கே போனேன். பிள்ளையின் படிப்பு அதில்தான் இருக்கிறது. என்னுடைய விரல் அங்கேயும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து எனக்கு முன்னால் குந்தினாள். அவள் சொன்னதை ஆரணி பிறகு தமிழில் சொன்னாள். "நீங்கள் சத்தம் இல்லாதபோதும் அமத்துகிறீர்கள். இது பரீட்சை இல்லை. பாஸ் பண்ணத் தேவையில்லை."

கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு முன்னால் சாம்பல் நிறப் பஞ்சுச் சுவர் மட்டும்.

பார்க்க முகம் இல்லை, வாய் இல்லை, தோள் இல்லை. கொஞ்ச நேரம் சத்தம் வந்தது, பிறகு நின்றது. நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது ஏதாவது வருகிறதா? இப்போது? எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெருவிரல் தானாகத் துடித்தது, அமத்தாமல் பிடித்துவைத்தேன். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் கேட்காததை நான் கேட்காமல் இருந்தேன். அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. வேலைக்குப் பிந்தப் போகிறது என்று நினைத்தது ஞாபகம்.

6

இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் காட்டினார்கள், மகளுடையது நீலம், என்னுடையது கறுப்பு. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் கீழே விழுந்தன. என்னுடையது இன்னும் ஆழம். படிவத்தைத் திரும்பத் தந்தார்கள். தாய்வழியில் என்ற இடத்தில் "உண்டு" என்று சரி போட்டேன். கீழே மாமாவின் பெயரையும் எழுதினேன். சாமித்தம்பி என்று ஆங்கிலத்தில் எழுத அந்தச் சின்னக் கட்டம் போதவில்லை.

இரண்டு கிழமையில் அலுவலகத்தின் கடிதம் வந்தது. மைக், எழுத்து, கண்ணாடி முகக்கவசம், சத்தமில்லாத அறை எல்லாம் படிப்பு முடியும்வரை. ஆரணி எனக்கு அதைப் போனில் அனுப்பியிருந்தாள், கீழே ஒரு பெருவிரல் படத்தோடு. அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தது என் பிழை.

கணவருக்குச் சொன்னேன். அவர் செங்கலடிப் பக்கம் வயல் வட்டையில் வளர்ந்தவர். ஒரு வரம்பில் நின்று அடுத்த வயல்காரனோடு கதைத்துப் பழகிய குரல். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை முறைப்பாடு கொடுத்திருக்கிறார். எங்கள் கலியாணம் நிலைத்ததற்கு அந்தக் குரல்தான் காரணம் என்று நான் இரகசியமாக நினைத்திருந்தேன்.

"எனக்குக் காது கேக்கிறது குறைவாம்" என்றேன்.

"தெரியும்" என்றார், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். "கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீ சொல்லல்லயே."

மைக்ரோவேவ் வேலை முடிந்தால் சத்தம் போடும் என்பதை அன்றைக்குத்தான் அவர் எனக்குச் சொன்னார். பதினாறு வருடமாக நான் அதன் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

ஆரணி காதுக்குக் கருவி எடுத்தாள். தோலின் நிறத்தில் எடுக்கச் சொன்னேன். சிவப்பு நிறத்தில் எடுத்தாள், திருவிழாக் கடை வளையல் சிவப்பு. முடியைத் தூக்கிக் கட்டிப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் சொன்னாள். அந்தப் படம் விமானம் ஏறாமலே கல்லாற்றுக்குப் போய்விடும். வதனி அதைக் காணுமுன் நான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை, அங்கே பின்னேரம். வதனி வளவில் விறகடுப்பில் ஏதோ அவித்துக்கொண்டிருந்தாள். போனை எங்கேயோ சாத்தி வைத்திருந்தாள், தேங்காய்மட்டையும் புகையும்தான் தெரிந்தன, அவளுடைய முகம் தெரியவில்லை. மாங்கேணி ஆட்கள் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாள். முகத்தைக் காட்டு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. புகையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆரணியின் காது, என் காது, ஷெல் கதையை விட்டுவிட்டு மாமாவின் பெயரை எழுதிக் கொடுத்தது, சிவப்புக் கருவி, படம்.

"தர்சிக்கு இதால கெட்ட பேர் வந்தா என்னை மன்னிச்சுக்க. என்ட பிள்ளைக்கும் வேற வழி இருக்கல்ல" என்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. போனில் இப்படி வந்தால் எனக்கு எப்போதும் தடுமாற்றம். லைன் போய்விட்டதா, அவள் பேசாமல் இருக்கிறாளா, பேசி எனக்குக் கேட்கவில்லையா? இப்படியான இடங்களில் நான் "ஓம், ஓம்" என்று போட்டு நிரப்புவேன். பிறகு ஏதோ ஒரு முணுமுணுப்பு வந்தது. "ஓம்" நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"எனக்குக் கேக்கல்ல வதனி. திருப்பிச் சொல்லு."

திரும்பவும் முணுமுணுப்பு.

"கேக்கல்லகா. பலமாச் சொல்லு."

போன் ஆடியது. புகை போய் வதனியின் முகம் முழுத் திரைக்கும் வந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, புகையாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து கத்தினாள்.

"தர்சிக்கும் கேக்காது அக்கா! சின்னனில இருந்து கேக்காது! கம்பஸிலயும் அப்பிடி உதவி செய்யிற இடம் ஒண்டு இருக்காம், போகப் போறன் எண்டு ரெண்டு வருசமாக் கெஞ்சிறாள்! நான்தான் விடல்ல!"

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எனக்கு மட்டுமல்ல. அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தத்துக்கு மேலால், வேலிக்கு அங்கால் இருந்து மலர் மச்சாளின் பெரிய குரல் வந்தது.

"என்னகா வதனி? ஆருக்குக் கேக்காதாம்?"

வதனி வேலியைப் பார்த்தாள், பிறகு போனில் என்னைப் பார்த்தாள். அம்மா கட்டிய கதை எங்கள் இரண்டு பேரின் வாயிலும் ஆயத்தமாக இருந்தது, ஷெல், காய்ச்சல், தடிமன், எது வேண்டுமானாலும். அவள் மெல்ல வேலிப் பக்கம் திரும்பினாள். எனக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது, வாய் தெரியவில்லை. ஆனாலும் அவள் பலமாகவே சொன்னாள், கேட்டது.

"எங்கட தர்சிக்கு, மச்சாள்."